திப்பியின் வரலாறு

தமிழில் சக்கைக்குப் பெயர்கள் பல. எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது பிண்ணாக்கு. நெல்லைக் குற்றினால் கிடைப்பவை உமியும் தவிடும். உளுந்தை உடைத்துப் புடைத்தால் பொட்டு. கரும்பைப் பிழிந்தால் கோது. தேங்காய்த் துருவலைப் பிழிந்தபின் கையில் நிற்பதும், கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் துணியில் நிற்பதும் திப்பி எனப்படும். குப்பை என்று ஒதுக்கிவிடும் பொருளுக்கு மக்கள் தனிப்பெயர் இட்டு வழங்குவது அரிது. பெயர் இருக்கிறதென்றால், அதனைக் கேட்டு வாங்குவோரும் இருந்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

நாலடியாரில் ஓர் உவமை வருகிறது. கரும்பை ஆட்டிக் காலத்தே கட்டி எடுத்துக்கொண்டவர், பின்னர் அதன் துரும்பு தீயில் வேகும்போது வருந்தமாட்டார் என்பது அதன் கருத்து. உடம்பின் நிலையாமை கருதி அறத்தை வலியுறுத்த வந்த செய்யுள் அது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அதனைப் பலமுறை படித்தும் நிலையாமை ஒன்றையே கண்டேன். செம்பனை ஆலைக்கு எதிரே குடியிருக்க வந்தபின்னரே துரும்பு என் கண்ணிற் பட்டது. கரும்பின் சக்கையை எரிப்பது அந்நாளிலேயே எல்லாரும் அறிந்த காட்சியாய் இருந்திருக்கிறது. இல்லையேல் புலவர் அதனை உவமையாக்கியிரார். சாறு காய்ச்சும் அடுப்புக்கு அச்சாற்றின் சக்கையே விறகு என்பது வெல்லம் காய்ச்சுவோர் இன்றும் கையாளும் முறை.

சக்கையை அடுப்பிலிட்டு எரிப்பது ஒரு வழி. அதனையே புளிக்கவைத்து, வடித்து, வண்டி ஓட்டும் எரிசாராயம் ஆக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டாவது வழி அமெரிக்க நாட்டு மக்காச்சோள ஆலைகளிலே தோன்றிய புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். வேதிநூல் நுட்பம் அங்கே வளர்ந்தது உண்மைதான். ஆயினும் மாவெடுத்தபின் எஞ்சும் நாரை என் செய்வது என்ற கேள்வி, ஜொகூர் மாநிலத்துப் பத்து பஹாட்டிலும் தமிழ்நாட்டுச் சேலத்திலும் நெடுநாளாய்க் கிடந்த கேள்வியே. இவ்விரண்டு ஊர்களின் தொழிலையும் இணைக்கும் ஒரு கதையும் உண்டு. அதிலிருந்தே மக்காச்சோளத்துக்குப் போவோம்.

ரும்பியா மரமும் ஹம்பாஸும்

சாகு என்பது மலாய்ச் சொல். ஆங்கிலேயர் கடன் கொண்டதும் அதனையே. சாகு மாவைத் தரும் பனையை மலாய்க்காரர் ரும்பியா என்பர். சிம்பாங் கிரி, சிம்பாங் கானான் என்னும் இரண்டு ஆறுகள் கூடிப் பத்து பஹாட் ஆறாகக் கடலை நோக்கிச் செல்கின்றன. அவ்வாற்றின் வெள்ளச் சமவெளியிலுள்ள சதுப்பு நிலம் ரும்பியாவுக்கு உகந்தது. அப்பகுதியின் சாகுத் தொழிலைத் தான் கூன்லின் என்பவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1983 இல் சிங்கப்பூர்த் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் வெளியீடாக வந்தது. நம் மாநிலத்தைப் பற்றி ரப்பரையும் அன்னாசியையும் விட்டு வேறொன்றை எழுதிய நூல் என்பதனாலேயே அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

ரும்பியா தன் வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். பூத்துக் காய்த்தபின் பட்டுவிடும். பத்து ஆண்டு அளவும் அடிமரத்துக்குள் சேர்த்துவைத்த மாவையெல்லாம் அந்த ஒரு பூப்புக்கே செலவிடும். ஆதலால் பூக்கும் தறுவாயில் மரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டிய மரத்தைத் துண்டு துண்டாக்கி, ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டு செல்வர். அங்கே பட்டையை நீக்கி, உட்சோற்றைத் துருவி, நீர் விட்டுக் கசக்கிச் சலிப்பர். பால்போன்ற நீர் கீழே இறங்கும். அதைத் தேக்கிவைத்தால் மாவு அடியிற் படியும். சல்லடையில் நிற்கும் நாருக்கு மலாயில் ஹம்பாஸ் என்று பெயர். நம் திப்பிக்கு அதைவிடப் பொருத்தமான மலாய்ச் சொல் இல்லை.

படிந்த மாவை ஈரம் உலராமுன் உருட்டி, வறுத்து, முத்துமுத்தாய் ஆக்கும் கலையை மலாக்காவிலும் பின்னர்ச் சிங்கப்பூரிலும் சீனத் தொழிலாளர் கைதேர்ந்து செய்தனர். சுமத்திராவின் கீழைக் கரையிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் ஈரச் சாகு மரக்கலங்களில் வந்து சிங்கப்பூரில் முத்தாகி ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் ஏறிற்று. ஜே. ஆர். லோகன் 1849 ஆம் ஆண்டிலேயே தம் ஆராய்ச்சி இதழில் சாகுத் தொழிலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார் பாயசத்துக்கு வாங்கிய ஜவ்வரிசியின் முன்னோர் இவர்கள் உருட்டிய முத்துகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவிலும் அதன் அண்டை நிலங்களிலும் சீன முதலாளிகள் மரவள்ளியைப் பெருமளவிற் பயிரிட்டனர். ரும்பியாவுக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். மரவள்ளிக்கு ஓராண்டும் ஒன்றரை ஆண்டுமே போதும். மாவெடுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. சக்கை பன்றிக்குத் தீனியாயிற்று. மண்ணை வறளச் செய்யும் பயிர் என்று ஆட்சியாளர் மரவள்ளியை விரும்பவில்லை. 1896 இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் வணிகமுறையில் ரப்பர் நட்டதும், மரவள்ளி விளைந்த நிலங்கள் சிறுகச் சிறுக ரப்பருக்கு மாறின. நம் முன்னோர் பால்வெட்டிய தோட்டங்களுள் சிலவற்றின் அடியில் பழைய கிழங்கு வயல் இருக்கிறது என்பதைத் தோட்ட மக்களே பலர் அறியார்.

சேலத்துக்குப் போன வித்தை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல்வழி அடைபட்டது. மலாயாவுக்கு அரிசி வருவது நின்றது; இந்தியாவுக்கு ஜவ்வரிசி போவதும் நின்றது. ஒரே போர் இரு கரையிலும் ஒரே கிழங்கைத் தேட வைத்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

இக்கரையில் நம்மவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் இரயில் பாதைக்குப் போனவர் போக, தோட்டத்தில் நின்றவருக்கு மரவள்ளியே சோறு. என் அப்பாயி அக்காலத்தில் பதினேழு வயதுப் பெண். பக்கத்து லயத்துப் பெண்களோடு சேர்ந்து கிழங்கைத் தகரத்தில் துருவி, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து, வாளியில் தேங்கிய மாவை வெயிலில் காயவைப்பாராம். நான் சிறுவனாயிருந்தபோதும் ஜப்பான்காரன் காலத்துப் பழக்கம் அவரை விடவில்லை. பிழிந்த சக்கையை உதறிக் கோழிக்குப் போடுவார். “அதுல ஒண்ணும் இல்லையே, அப்பாயி?” என்று கேட்டேன். “பாதி மாவு அதுலதான் இருக்கு, சாமி. நமக்குப் பிழியத் தெரியல. கோழிக்குத் தெரியும்” என்றார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். பின்னர் ஆராய்ச்சியாளர் கூற்றோடு இது மீண்டும் வரும்.

அக்கரையில் நடந்ததைச் சேலத்துத் தொழில் வரலாறு இவ்வாறு சொல்லும். சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற கருவாட்டு வணிகர் இருந்தார். வாணிகத்தின் பொருட்டு அடிக்கடி மலையாள நாட்டுக்குப் போய்வருவார். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் முயன்று பரப்பிய மரவள்ளி அங்கே ஏழைகளின் உணவாய் வேரூன்றியிருந்தது. போர்க்காலத்தில் செட்டியார் அங்கே போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷா பினாங்கிலிருந்து வந்தவர். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்தவர். இருவரும் கூடி 1943 இல் சேலத்தில் மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினர். முதலில் எல்லாம் கையால் செய்த வேலை. கிழங்கை நசுக்கி, பாலெடுத்து, தூளியிலிட்டு ஆட்டி உருட்டி, சட்டியில் வறுத்தார்கள். பின்னர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திர வல்லுநர் கருவிகளைத் திருத்திக்கொடுக்க, தொழில் பெருகிற்று.

மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சீனர் கைகளில் முதிர்ந்த வித்தை, குஜராத்திப் பெயருடைய பினாங்குக்காரர் ஒருவர் வழியாகத் தமிழ்க் கருவாட்டு வணிகர் ஒருவரைச் சென்றடைந்தது. தென்கிழக்காசியாவுக்குத் தமிழர் கொடுத்தவற்றைப் பேசும் கட்டுரைகள் நம் ஏடுகளில் நிறைய வருகின்றன. இங்கிருந்து தமிழகம் பெற்றுக்கொண்டவற்றையும் எழுதினால் என்ன?

தொடங்கிய மறு ஆண்டே ஓர் இடர். 1944 இல் நாடெங்கும் உணவுப் பஞ்சம். மக்கள் உண்ணத்தக்க கிழங்கை ஆலைக்கு இடலாகாது என்று சேலம் மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். தொழில் செய்வோர் ஒரு சங்கமாய்க் கூடி முறையிட்டு, 1945 இல் குடிமைப்பொருள் ஆணையர் வாயிலாகத் தடையை நீக்கிக்கொண்டனர். தடை நீங்கியதில் தொழிலுக்கு நன்மை. ஆயினும் ஆட்சியர் எழுப்பிய கேள்வி தவறானதன்று. விளைந்ததை உண்பதா, ஆலைக்குக் கொடுப்பதா என்பது, இன்று உணவா எரிபொருளா என்று உலக அவைகளில் பேசப்படும் வழக்கேயாகும். அவ்வழக்கு சேலத்தில் 1944 இலேயே நடந்துவிட்டது.

போருக்குப் பின்னும் தொழில் நிலைத்தது. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளின் மேட்டு நிலமும் கடு வெயிலும் அதற்கு வாய்த்தன. மாவு உலர்த்த வெயில் இன்றியமையாதது. 1981 இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இன்று அவ்வட்டாரத்திலிருந்தே வருகிறது. 2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திப்பியில் என்ன இருக்கிறது

ஒவ்வோர் ஆலையின் புறத்தும் திப்பி மலைபோற் குவியும். ஈரத்தோடு கிடந்தால் இரண்டு நாளில் புளித்து நாறும். ஆகவே களத்தில் பரப்பி உலர்த்தி மாட்டுத் தீனிக்கு விற்பர். மாவு தேங்கிய தொட்டியின் கழிவுநீர் அதனினும் கொடிது. ஊர்க்கிணறுகளைக் கெடுத்து நெடுநாள் பகை வளர்த்தது. இப்போது பல ஆலைகள் அக்கழிவுநீரை மூடிய கலங்களில் தேக்கி எரிவாயு எடுத்துக்கொள்கின்றன. நாற்றத்தை அடக்கச் செய்த ஏற்பாடு ஆலைக்கு எரிபொருளும் தந்தது. கழிபொருளின் வரலாற்றில் இவ்வாறு நேர்வதே மிகுதி. ஆதாயத்தை எண்ணித் தொடங்கியவை குறைவு, அண்டை வீட்டார் ஏச்சுக்கு அஞ்சித் தொடங்கியவையே நிறைய.

உலர்ந்த திப்பியை ஆய்ந்தவர்கள் அதில் பாதிக்கு மேல் மாவே என்று கண்டனர். ரும்பியாவின் ஹம்பாஸிலும் அவ்வாறே. அப்பாயி சொன்னதும் அதுதான். நாரின் நுண்ணறைகளுக்குள் மாவுமணிகள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. துருவும் பல் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மாவு வெளிவரும். திப்பி கொழுத்திருந்தால் ஆலையின் துருவி மழுங்கியிருக்கிறது என்று அறியலாம்.

மாவைச் சாராயமாக்குவது பழைய வித்தை. நொதிப்பொருளால் மாவைச் சர்க்கரையாக்க வேண்டும். ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயமும் கரிவாயுவுமாய்ப் பிரிக்கும். நூறு பங்கு குளுக்கோசிலிருந்து 51 பங்கு சாராயம் வரும் என்பது வேதியியற் கணக்கு. அதன்படி 55 விழுக்காடு மாவுள்ள உலர் திப்பி ஒரு டன்னிலிருந்து ஏறக்குறைய 390 லிட்டர் வரவேண்டும். நடைமுறையில் அதற்குக் குறைந்தே வரும். திருவனந்தபுரத்தில் 1963 இல் நிறுவப்பட்ட நடுவண் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் மரவள்ளியிலிருந்தும் அதன் திப்பியிலிருந்தும் சாராயம் எடுக்கும் முறைகளை ஆய்ந்திருக்கின்றனர். சரவாக் பல்கலைக்கழகத்தார் ஹம்பாஸைக் கொண்டு அவ்வாறே ஆய்ந்தனர்.

மாவு போக எஞ்சும் உண்மையான நாரில்தான் சிக்கல். நாரில் இருவகைச் சர்க்கரைகள் கட்டுண்டு கிடக்கின்றன. செல்லுலோசிலிருந்து வருவது குளுக்கோசு. அஃது ஆறு கரிய அணுக்களைக் கொண்டது. மற்றொரு வகை, சைலோசும் அராபினோசும்; இவை ஐந்து கரிய அணுக்களுடையன. ரொட்டிக்கும் மதுவுக்கும் நாம் காலங்காலமாய்ப் பழக்கிய ஈஸ்ட் இவ்வைந்தணுச் சர்க்கரையைத் தொடாது. இந்த இடத்தில்தான் மக்காச்சோளத்துக்கு வருகிறோம்.

பியோரியாவும் காலவாவும்

மக்காச்சோளத்திலிருந்து மாவெடுக்கும் அமெரிக்க ஆலைகள் நம் கிழங்கு ஆலைகளின் பேருருவமே. மணிகளைக் கந்தக வாயு கரைந்த வெந்நீரில் ஒன்றரை நாள் ஊறவைப்பர். முளையைப் பிரித்து எண்ணெய் எடுப்பர்; தோலும் நாரும் சல்லடையில் நிற்கும்; புரதம் தனியே, மாவு தனியே பிரியும். ஊறவைத்த நீரையும் வீணாக்குவதில்லை. 1941 இல் இங்கிலாந்திலிருந்து புளோரியும் ஹீட்லியும் பெனிசிலின் பூஞ்சணத்தை எடுத்துக்கொண்டு இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகர அரசு ஆய்வுக்கூடத்துக்குச் சென்றனர். அங்கே ஆண்ட்ரு மோயர் அந்தச் சோள ஊறல்நீரில் பூஞ்சணத்தை வளர்த்தபோது மருந்தின் விளைவு பன்மடங்கு பெருகிற்று. போரில் புண்பட்ட எண்ணற்றவரைக் காத்த மருந்து, மாவு ஆலையின் கழிநீரில் வளர்ந்தது. சேலத்தில் இருவர் கிழங்கை நசுக்கத் தொடங்கியதும் அதே போர்க்காலத்தில்தான்.

சோளத்தின் நாரைப் பொறுத்தவரை, ஊறல்நீரைச் சேர்த்து உலர்த்தி மாட்டுத் தீனியாக விற்பதே நெடுங்கால வழக்கம். அங்கும் திப்பிக்குச் சொந்தக்காரன் மாடே. ஐந்தணுச் சர்க்கரையின் பூட்டு 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் திறந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்து லோனி இங்கிராம், வேறொரு நுண்ணுயிரின் மரபுக்கூறுகளைக் குடற்கிருமி ஒன்றில் ஏற்றி, எல்லா வகைச் சர்க்கரையையும் சாராயமாக்கச் செய்தார். 1991 இல் அதற்கு வழங்கப்பட்ட உரிமம், அமெரிக்காவின் ஐம்பது இலட்சமாவது காப்புரிமம். பர்டியூ பல்கலைக்கழகத்து நான்சி ஹோ ஈஸ்டையே அதற்குப் பழக்கினார். பியோரியா ஆய்வுக்கூடத்தாரும் சோள நாரின்மீது உழைத்தனர்.

2007 இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் செய்தது. நாரிலிருந்து எடுத்த எரிபொருள் 2022 ஆம் ஆண்டில் 1,600 கோடி காலன் கலக்கப்பட வேண்டும் என்பது அதில் வகுத்த இலக்கு. வயலிலே கிடக்கும் சோளத்தட்டையை வாரிக்கொண்டு வந்து சாராயம் வடிக்கப் பேராலைகள் எழுந்தன. ஐயோவா மாநிலத்தில் டூபாண்ட் குழுமம் 2015 இல் திறந்த ஆலை இரண்டே ஆண்டில் மூடிற்று. எம்மட்ஸ்பர்க்கில் 2014 இல் திறந்த மற்றொன்று 2019 இல் நின்றது. இலக்கை எட்டவே இல்லை.

அதே ஐயோவாவில் காலவா என்ற சிற்றூர். உழவர்களே பங்குதாரராயுள்ள குவாட் கவுண்டி ஆலையார், 2014 இல் சோள மணியின் நாரிலிருந்து எரிசாராயம் எடுக்கத் தொடங்கினர். புதிய பேராலை எதுவும் கட்டவில்லை. வழக்கம்போல் மாவைச் சாராயமாக்கியபின் அடியில் நின்ற நாரை, வெப்பமும் அமிலமும் நொதியும் கொடுத்து இரண்டாம் முறை புளிக்கவைத்தனர். நார் தளர்ந்ததால் அதில் ஒட்டியிருந்த எண்ணெயும் கூடுதலாய் வெளிவந்தது. எஞ்சிய தீனியில் புரதத்தின் விகிதம் உயர்ந்தது. இம்முறையும் இதனை ஒத்த பிறவும் பின்னர்ப் பல ஆலைகளுக்குப் பரவின. சோள நாரிலிருந்து பிசினும், இனிப்புப் பொருளான சைலிட்டாலும், குருதிக்கொழுப்பைக் குறைக்கும் ஸ்டெரால் கலந்த எண்ணெயும் பிரிக்கலாம் என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

பேராலைகள் தோற்று, சிற்றூர் ஆலை நின்றதற்குக் காரணம் என்ன? கிருமியின் நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தட்டை வயலில் சிதறிக் கிடக்கிறது. மண்ணும் கல்லும் கலந்திருக்கிறது. கட்டி ஏற்றி, மழைக்கு மூடிக் காக்க வேண்டும். மணியின் நாரோ உழவர் தாமே ஆலைவாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருள். கழுவியும் அரைத்தும் ஆயிற்று. கூலி முன்னரே கொடுத்தாயிற்று. கழிபொருள் சரக்காகுமா என்பதை அதில் என்ன இருக்கிறது என்பதைவிட எங்கே குவிந்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது என்று நான் கருதுகிறேன். சேலத்துத் திப்பிக்கும் பத்து பஹாட்டு ஹம்பாஸுக்கும் இத்தகுதி முன்னரே உண்டு.

மாடும் கோழியும்

குவிந்திருந்தும் திப்பி ஏன் எரிசாராயம் ஆகவில்லை? ஈரத் திப்பியில் ஐந்தில் நான்கு பங்கு நீர். புளித்த கரைசலை வடிக்க விறகோ வாயுவோ வேண்டும். அதனினும் பெரிய காரணம், திப்பி ஏற்கெனவே விலைபோகிறது என்பது. இரண்டு கறவை வைத்திருக்கும் பெண்ணுக்கு அது மலிவான தீனி. மாவைச் சாராயமாக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுத்தால், அதில் ஈஸ்டின் புரதம் சிறிது ஏறியிருக்கும்; மாட்டுக்கு வலுத்தரும் மாவு குறைந்திருக்கும். எது மேல் என்பதை மாட்டுக்காரியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். திட்ட வரைவுகளில் அவரைக் கேட்டதற்கான குறிப்பை நான் எங்கும் கண்டதில்லை.

இதனைக் கற்பனைக் கவலை என்று தள்ளல் ஆகாது. இந்தியாவில் எரிசாராயச் சட்டம் 1948 இலேயே பிறந்தது. அன்று அதற்குரிய பொருள் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு. 2018 ஆம் ஆண்டின் கொள்கைக்குப் பின் தானியமும் புகுந்தது. 2025 இல் பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பை இந்தியா எட்டியது. கழிவுப்பாகால் மட்டும் அதனை எட்ட முடியாமையால் மக்காச்சோளம் முன்னணிக்கு வந்தது. சேலத்துக்கு அடுத்த நாமக்கல் முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர். கோழித் தீனியின் பெரும்பகுதி மக்காச்சோளம். சோளத்தின் விலை ஏறக் கோழிப்பண்ணையார் முறையிட்டனர். 2024 இல் இந்தியா வெளிநாட்டிலிருந்து சோளம் வாங்க நேர்ந்தது. அதே வேளை, சாராய ஆலைகளில் எஞ்சிய புரதத் தீனி மலிந்து, சோயாப் பிண்ணாக்கின் விலையை இறக்கிற்று. ஒருவன் கழிபொருள் மற்றொருவன் சரக்கை வீழ்த்துகிறது. 1944 இல் ஆட்சியர் ஒருவர் கேட்ட கேள்வி, அண்டையிலேயே மீண்டும் எழுந்துவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முழுத் தானியத்தை வடிப்பது வேறு. மாவும் தீனியும் எடுத்தபின் நிற்கும் நாரை மட்டும் வடிப்பது வேறு. காலவா ஊரார் செய்தது பின்னது. அவ்வழியில் கோழிக்கு வஞ்சனை இல்லை.

நம் தோட்டங்களின் நிலை இன்னும் எளிது. செம்பனை ஆலைக்கு நூறு டன் குலை போனால் இருபதுக்கு மேற்பட்ட டன் வெறுங்குலையாக வெளிவரும். அது மாடு தின்னும் பொருளும் அன்று. பழத்தின் நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனிலேயே எரிகின்றன. நாலடியார்த் துரும்பின் கதைதான். வெறுங்குலையை முன்னர் எரித்துச் சாம்பலாக்கினர். இப்போது மரத்தடியில் பரப்பி உரமாக்குகின்றனர். இருபத்தைந்து ஆண்டு முதிர்ந்து வெட்டப்படும் செம்பனையின் அடிமரச் சாற்றில் குளுக்கோசு மிகுதி என்பதையும், வெட்டிச் சில நாள் வைத்திருந்தால் அச்சர்க்கரை ஏறுகிறது என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர் நம் நாட்டாரோடு சேர்ந்து கண்டுள்ளனர். ரும்பியாவை வெட்டிய பழைய மலாய்க்காரருக்கு இது புதுமையாய்த் தோன்றியிராது.

வெறுங்குலையிலிருந்து எரிசாராயம் எடுக்கலாம் என்று ஆறாம் ஆண்டு மாணவரிடம் சொன்னேன். சாராயம் என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு. ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்தில் சாராயம் என்றால் சம்சு. 1941 இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள். அத்தகைய மக்களிடம் எரிசாராயம் என்ற சொல்லை அப்படியே கொண்டுபோக முடியவில்லை. மறுநாள் முதல் எத்தனால் என்றே எழுதினேன். தனித்தமிழ் அன்பர்கள் இப்பிழையைப் பொறுத்தருள்வார்களாக.

இக்கட்டுரைக்காகச் சொல் திரட்டியபோது ஒரு குறை கண்டேன். சேலத்தார் திப்பி என்கின்றனர். மலாய்க்காரர் ஹம்பாஸ் என்கின்றனர். ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கு பிழிந்த நம் தோட்டப் பெண்கள் அச்சக்கையை என்ன பெயரிட்டு அழைத்தனர்? என் அப்பாயி சக்கை என்றே சொன்னார். மூவார்ப் பக்கத்து முதியவர் ஒருவர் அம்பாசு என்றார். வேறு பெயர் வழங்கிய தோட்டங்கள் இருந்தால், தோட்டத்தின் பெயரோடு எழுதியனுப்புமாறு வாசகரையும் சக ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதுக்கு மேல்.